நா வரிசைப் பாட்டுகள்

கசெட் ஓடத் தொடங்கியதும் பாட்டு உடனே வந்துவிடாது. முதலில் ஓர் இரைச்சல் வரும். தாச்சியில் எண்ணெய் காயும்போது கேட்கும் சத்தத்தைவிட மெல்லியதாக, நாலைந்து நொடிகள் மட்டும், ‘ஸ்ஸ்’ என்று ஓடும். பாடப்போகிறவர் ‘மைக்’கைப் பிடித்துக்கொண்டு தொண்டையைச் செருமுவார், இருக்கிறவர்கள் தேநீர்க் கோப்பைகளைக் கீழே வைப்பார்கள், நான் அலமாரிக்குப் பக்கத்தில் அவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்த இரைச்சல் முடிந்து முதல் இசை எழும்வரை, நான் எடுத்துக் கொடுத்தது அவர் கேட்ட பாட்டுத்தானா என்பது எனக்கே நிச்சயமில்லை. அப்போது எனக்குப் பத்து வயது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இடம் ரொறன்ரோவின் கிழக்கே, வெக்ஸ்போர்ட்டில், லோரன்ஸ் வீதியோரம் இருந்த ஒரு ஜப்பானியச் சாப்பாட்டுக் கடையின் பின்னறை. பாட்டுகளும் ஜப்பானியப் பாட்டுகள். அவற்றின் உறைகளில் இருந்த எழுத்துகளில் ஒன்றுகூட எனக்கு வாசிக்கத் தெரியாது. தெரியும் என்று அங்கே எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

அந்த நம்பிக்கை எப்படி உண்டானது என்பதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் அம்மா ஏழு வயதிலேயே புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போனவர். அப்பா அதைவிடச் சின்ன வயதில் சுருட்டுக் கொட்டிலில் இலை நனைக்கப் போனவர். இரண்டு பக்கத்திலும், பள்ளிக்கூடத்துக்குப் போய் எழுத்துப் படித்த முதல் ஆள் நான்தான். இதை அன்றைக்கும் பெருமையாக நினைத்தேன், இன்றைக்கும் பெருமையாகவே எழுதுகிறேன். கனடாவுக்கு வந்து இரண்டு வருடத்திலேயே வீட்டுக்கு வரும் கடிதங்களெல்லாம் என் மடிக்கு வரத் தொடங்கிவிட்டன. குடிவரவுக் கடிதம், வீட்டுச் சொந்தக்காரரின் அறிவித்தல், அப்பாவின் மருந்துப் போத்தல் எல்லாவற்றையும் அம்மா நீட்டி, “வாசி பிள்ளை” என்பார். நான் வாசிப்பேன். விளங்காத இடங்களில் நிறுத்தாமல், எனக்குச் சரியென்று பட்டதைச் சொல்லிக்கொண்டு போவேன். இரண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்போது நிறுத்துவதற்கு எனக்கு மனம் வந்ததில்லை.

அம்மா தனக்கு எழுத்துத் தெரியாது என்பதை ஒருநாளும் ஒளித்ததில்லை. வைத்தியரிடமும் வங்கியிலும் பஸ் சாரதியிடமும், கேட்காமலே, “மீ நோ ரீட்” என்று சொல்லிவிடுவார். சொன்ன கையோடு என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளி, “ஷி ரீட். எவ்ரிதிங் ரீட்” என்பார். அம்மாவின் கணக்கில் எழுத்து என்பது ஒன்றுதான். கண் தெரிகிறவருக்கு எந்தத் தெருவும் தெரிவதுபோல, வாசிக்கத் தெரிந்தவளுக்கு எந்த எழுத்தும் தெரியும். தமிழும் ஆங்கிலமும் நான் படபடவென்று வாசிப்பதைப் பார்த்தவருக்கு அப்படி ஓர் எண்ணம் வந்ததில் வியப்பில்லை. அதைத் திருத்தாமல் விட்டது நான்.

அம்மா அந்தக் கடையில் கோப்பை கழுவினார். கொதிக்கும் தண்ணீரும் காரமான சவர்க்காரமும் சேர்ந்து அவருடைய கைகள் வெடித்துப்போயின. விரல் மடிப்புகளில் பிளந்து இரத்தம் கசியும். வீட்டுக்கு வந்ததும் வாசிலீனைப் பூசிப் பொலித்தீன் பையைச் சுற்றிக்கொண்டு இருப்பார். ஒருநாள் காலையில் எனக்குத் தலை பின்னிவிட்டபோது வெள்ளை ரிபனில் இரண்டு சிவப்புப் புள்ளிகள் விழுந்திருந்ததைப் பள்ளிக்கூடத்தில்தான் கண்டேன். அதற்குப் பிறகு என் தலையை நானே கோணல்மாணலாகப் பின்னிக்கொண்டேன். கையைத் தண்ணீரில் வைக்கக் கூடாது என்று வைத்தியர் சொன்னார். “தண்ணியிலை கை வைக்காமல் எனக்கு ஆர் வேலை தருவினம்? நீங்கள் தருவியளே?” என்று அம்மா கேட்டதை, நான் ஆங்கிலத்தில் “நன்றி டொக்டர்” என்று மாற்றிச் சொன்னேன்.

கடையின் உரிமையாளர் மிஸஸ் ஹயாஷி என்ற அறுபது வயதுப் பெண். சாப்பாட்டு மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சிறிய அறையில் நாற்காலிகளும் ஒலிபெருக்கியும் ஒரு மர அலமாரியும் வைத்திருந்தார். சனிக்கிழமை மதியங்களில் வயதான ஜப்பானியர் பதினைந்து இருபது பேர் அங்கே கூடுவார்கள். கரோக்கிதான்: கசெட்டில் இசை மட்டும் வரும், உறைக்குள் மடித்து வைத்த தாளைப் பார்த்து ஆட்கள் பாடுவார்கள். ஒரு கசெட்டில் ஒரு பாட்டு, மிஞ்சினால் இரண்டு. கசெட்டுகளை எடுத்துக் கொடுத்துத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்த மாணவி படிப்பு முடிந்து ஜப்பானுக்குப் போய்விட்டாள். மிஸஸ் ஹயாஷிக்கோ அடுப்படியை விட்டு வர நேரமில்லை. கண்ணாடி போடாமல் அந்தப் பொடி எழுத்துகளும் தெரிவதில்லை.

சனிக்கிழமைகளில் அப்பாவுக்கும் வேலை. காலையில் தமிழ் வகுப்பு முடிந்ததும் அம்மா என்னைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மூலையில் இருத்திவிடுவார். எங்கள் பள்ளிக்கூடக் கட்டிடத்தில் சனிக்கிழமைகளில் பல மொழி வகுப்புகள் நடந்தன. ஓர் அறையில் தமிழ், அடுத்ததில் கிரேக்கம், மாடியில் ஜப்பானியம். மிஸஸ் ஹயாஷியின் பேரன் அந்த மாடி வகுப்புக்கு வந்துபோனான். அவனை ஏற்ற வந்தபோது வாசலில் என்னைப் புத்தகப்பையோடு கண்டிருக்கிறார்.

ஒரு சனிக்கிழமை, மூலையில் இருந்த என்னிடம் வந்து குனிந்து, “யூ, சாட்டர்டே ஸ்கூல்?” என்று கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அம்மா கை துடைத்துக்கொண்டு வந்துவிட்டார். “யெஸ், யெஸ். சாட்டர்டே ஸ்கூல். எவ்ரி வீக்.”

மிஸஸ் ஹயாஷி அலமாரியைக் காட்டினார். “ரீட்?”

“ரீட்,” என்றார் அம்மா. “எவ்ரிதிங் ரீட்.”

இரண்டு பெண்களுக்கும் இடையில் இருந்த ஆங்கிலம் முழுவதும் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். நான் மாடி வகுப்பில் படிக்கிறேன் என்று மிஸஸ் ஹயாஷி நினைத்தார். எந்த எழுத்தானால் என்ன என்று அம்மா நினைத்தார். இரண்டும் பிழை என்று தெரிந்த ஒரே ஆள் நான். இரண்டு முகங்களும் என்னைப் பார்த்தன. நான் தலையாட்டினேன்.

அடுத்த கிழமையே அம்மாவை ‘சிங்க்’கிலிருந்து எடுத்துப் பாட்டறையில் போட்டார்கள். தேநீர் கொண்டுபோவது, மேசை துடைப்பது, மகளின் உதவியோடு கசெட்டுகளைப் பார்த்துக்கொள்வது. கோப்பை கழுவ வேறு ஒருவர் வந்தார். என் தலையாட்டலில் என்ன தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது அன்று மாலை பஸ்ஸில் அம்மா தன் கைகளை மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு வந்தபோதுதான் எனக்கு விளங்கியது. நான் அகப்பட்டால் அம்மா பொய்க்காரியாவார். அந்தக் கைகள் மறுபடியும் கொதிதண்ணீருக்குள் போகும்.

எழுத்தைப் படித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்துப் பார்த்தேன். எளிய எழுத்துகள் ஒரு வகை, சித்திரம் போன்றவை இன்னொரு வகை, ஒரே சித்திரத்துக்குப் பல ஒலிகள். பாட்டுத் தலைப்புகள் பெரும்பாலும் சித்திர எழுத்துகளில் இருந்தன. மூன்றாம் நாள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வழி பார்த்தேன். முதல் மூன்று சனிக்கிழமைகளிலும் எனக்கு இடம் பழகட்டும் என்று மிஸஸ் ஹயாஷியே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து கசெட்டை எடுத்தார். ஒருவர் பாட்டின் பெயரைச் சொல்வார், இவர் எடுப்பார். நான் அந்தப் பெயரைக் காதில் பிடித்து, பாடி முடிந்து கசெட் என் கைக்கு வந்ததும், பெட்டியின் அடிப்பக்கத்தில், யாரும் பார்க்காத விளிம்பில், நீல நிற ‘ஃபெல்ட்’ பேனையால் தமிழில் எழுதிவிடுவேன். எறும்பு ஊர்வதுபோலப் பொடி எழுத்து. கையால் மறைத்துக்கொண்டு எழுதியதில் என் உள்ளங்கை எப்போதும் நீலமாக இருந்தது.

எழுதி எழுதிப் போகையில் ஒன்று தெரியவந்தது. மிஸஸ் ஹயாஷி பாட்டுகளை முதல் ஒலியின்படி அடுக்கியிருந்தார். முதலில் அ, பிறகு இ, உ, எ, ஒ. அதற்குப் பின்னால் க, ச, த, ந என்று வரிசை போனது. தமிழ் வகுப்பின் சுவரில் தொங்கிய எழுத்து அட்டையில் யாரோ சிலவற்றைக் கழற்றி எடுத்ததுபோல் இருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் தவித்தேன். சொன்னால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்பதால் சொல்லவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய வரிசை ‘நா’. இரண்டாம் தட்டின் நடுப்பகுதி முழுவதையும் அதுவே பிடித்திருந்தது. ஒரு பெண்பிள்ளையின் பெயர்போல ஒலித்த ‘நமிதா’வுக்குக் கண்ணீர் என்று பொருள். ‘நமி’ என்றால் அலை. ‘நட்சு’ என்றால் கோடை. இவற்றில் தொடங்கும் பாட்டுகளும் துறைமுக ஊர்ப் பெயர்களில் தொடங்கும் பாட்டுகளும் அங்கே நெருக்கிக்கொண்டு நின்றன. ஊரை விட்டு வந்து முப்பது வருடமாகியும் கண்ணீரையும் அலையையுமே திரும்பத் திரும்பக் கேட்டவர்களில் முதல் ஆள் ஓனோ என்ற பெரியவர். தோட்டவேலை செய்து ஓய்வு பெற்றவர், நரைத்த மீசைக்காரர். ‘நா’ வரிசையைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். என்னை “ஸ்மால் பாஸ்” என்று கூப்பிடுவார். “ஸ்மால் பாஸ் வெரி ஃபாஸ்ட்,” என்று மற்றவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். எனக்குப் பெருமையில் காது சூடாகும். அடுத்த நொடியே, இவர் ஜப்பானிய மொழியில் ஏதாவது கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று அலமாரிப் பக்கம் திரும்பிவிடுவேன். மிஸஸ் ஹயாஷியின் பேரன் வருகிற நாட்களில் கழிப்பறைக்குள் போய் இருந்துவிடுவேன். வெள்ளிக்கிழமை பின்னேரமே வயிற்றுவலி தொடங்கிவிடும். “வயித்துக்கை என்ன, புழுவோ?” என்று அம்மா ஓமத்தண்ணீர் தருவார்.

ஒரு தடவை, இனி நான் வரவில்லை, வீட்டில் இருக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா கோபிக்கவில்லை. என் தலையைத் தன் பக்கம் திருப்பி, சீப்பை எடுத்து, நாலைந்து மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக இரட்டைப் பின்னல் போட்டுவிட்டார். “பார், கை ஆறியிட்டுது,” என்றார். நான் சப்பாத்தை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஜனவரி மாதம் வந்தது. ஜப்பானியர் புத்தாண்டுக்குக் கூடிப் பாடும் நாள் அந்த வருடம் பொங்கலுக்கு முந்திய சனிக்கிழமையில் விழுந்தது. அன்று காலை, உறைபனியில் பஸ் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தபோது, அம்மா மிகுந்த திருப்தியோடு பேச்சைத் தொடங்கினார்.

“நேற்று நான் அந்த அலுமாரி முழுக்கக் கழுவிப்போட்டன். பொங்கல் வருது, அவையளுக்கும் வருசம் பிறந்திருக்குது. ஊத்தையோடை விடலாமே?”

“கசெட்டை எல்லாம் என்னம்மா செய்தனீங்கள்?”

“அதுகளையும்தான். ஒவ்வொண்டா எடுத்து, சவுக்காரத் துணியாலை துடைச்சு, காயவைச்சு, திருப்பி அடுக்கியிருக்கிறன். அடியிலை ஆரோ சின்னப்பிள்ளையள் மையாலை கிறுக்கி வைச்சிருந்ததுகள். உரஞ்சி உரஞ்சி எடுத்தன். உன்ரை பாட்டுப் பெட்டி இப்ப பளபளவெண்டு நிக்குது.”

பஸ் ஒரு சிவப்பு விளக்கில் நின்றது. நான் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மாதமாக நான் எழுதியது அம்மாவுக்குக் கிறுக்கலாகத் தெரிந்திருக்கிறது. தமிழ்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அந்த வலி பிறகுதான் வந்தது. அப்போது மனதுக்குள் ஓடியதெல்லாம் ஒரே கணக்கு: இன்னும் எத்தனை தரிப்பு, இன்னும் எத்தனை நிமிடம். இறங்கும்போது விழுந்து காலை முறித்துக்கொள்ளலாமா என்று உண்மையாகவே யோசித்தேன். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கியதால் அதற்கும் வழியில்லாமல் போய்விட்டது.

அலமாரியைத் திறந்தேன். அம்மா சொன்னது உண்மைதான், எல்லாம் மின்னின. ‘அ’வும் இல்லை, ‘நா’வும் இல்லை. மேல்தட்டில் சில, நடுத்தட்டில் பல, இடையிடையே இரண்டு விரல் இடைவெளி விட்டுக் கூட்டம் கூட்டமாக நின்றன. ஒவ்வொன்றின் அடியையும் திருப்பிப் பார்த்தேன். ஒரு நீலப் புள்ளிகூட மிஞ்சவில்லை.

மதியம் அறை நிறைந்தது. வழக்கத்தைவிட நல்ல உடுப்போடு வந்திருந்தார்கள். மிஸஸ் ஹயாஷி ஜப்பானிய மொழியில் ஏதோ பேசினார், எல்லோரும் தலை குனிந்து நிமிர்ந்தார்கள். முதல் பாட்டு ஓனோவுடையது. அவர் எழுந்து, ‘மைக்’கை வாங்கி, ‘நமிதா’ என்று தொடங்கும் ஒரு பெயரை என்னைப் பார்த்துச் சொன்னார்.

நான் அலமாரிக்குள் தலையை நுழைத்தபடி நின்றேன். உறைகளில் கிமோனோ உடுத்த பெண்கள், விளக்கு, கடல், மழை. அவற்றில் ஒன்றை, கடல் இருந்ததை, எடுத்துப் போட்டேன். இரைச்சல் ஓடியது. இசை எழுந்தது. கண்களை மூடிக்கொண்டு நின்ற ஓனோ கண்களைத் திறந்து, மெதுவாகத் தலையை ஆட்டினார். “ஸ்மால் பாஸ், நொட் திஸ்,” என்றார். ஒருவரிருவர் சிரித்தார்கள். நல்ல சிரிப்புத்தான். இரண்டாவதை எடுத்துப் போட்டேன். அதுவும் இல்லை. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அடுப்படி வாசலில் மிஸஸ் ஹயாஷி வந்து நின்றார்.

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அலமாரியிலிருந்து கைக்கு வந்த ஒரு கசெட்டை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். “ரீட்,” என்றார். அதட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். நான் அந்த எழுத்துகளைப் பார்த்தேன். வீட்டில் கடிதம் வாசிக்கும்போது செய்வதுபோல ஏதாவது இட்டுக்கட்டிச் சொல்ல வாய் திறந்தேன். சத்தம் வரவில்லை. எழுத்துகள் கோடுகளாகி, கோடுகள் கலங்கின. அறை முழுவதும் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போது தேநீர்த் தட்டோடு அம்மா உள்ளே வந்தார். தட்டை ஒரு மேசையில் வைத்துவிட்டு, “என்ன பிள்ளை தேடுறாய்? மீசை ஐயான்ரை பாட்டே?” என்று கேட்டார். “அது கீழ்த்தட்டிலை, இடக்கைப் பக்கம். அவர் பாடுற எல்லாத்தையும் ஒண்டாத்தான் வைச்சிருக்கிறன்.”

கீழ்த்தட்டின் இடது பக்கத்தில் ஏழெட்டு கசெட்டுகள் தனியாக நின்றன. அம்மா அவற்றின் முன்னால் குந்தியிருந்து, ஓனோவைத் திரும்பிப் பார்த்தார். ஒரு விரலால் தன் கன்னத்தில் கண்ணீர் வழிவதுபோலக் கோடு இழுத்துக் காட்டினார். பிறகு கையை அலைபோல ஆட்டிக் காட்டினார். எது வேண்டும் என்று புருவத்தை உயர்த்தினார். ஓனோவின் மீசை மெல்ல விரிந்தது. அவரும் தன் கன்னத்தில் ஒரு கோடு இழுத்தார். அம்மா குடையின் கீழ் ஒரு பெண் நிற்கும் உறையை உருவி எடுத்து என்னிடம் தந்தார். “போடு.”

போட்டேன். நாலைந்து நொடி ஓடியது. இசை எழுந்ததும் ஓனோ கண்களை மூடிக்கொண்டார், பாடினார்.

பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே மிஸஸ் ஹயாஷி அம்மாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். “யூ ரீட்?”

“மீ நோ ரீட்,” என்றார் அம்மா சிரித்துக்கொண்டு. “மீ லுக்.” பிறகு தட்டுத் தட்டாகக் காட்டினார். “திஸ், ஹிம். திஸ், ரெட் கோட் லேடி. திஸ், யூ.” மேல்தட்டில் தனியாக மூன்று கசெட்டுகள் நின்றன. அவை மிஸஸ் ஹயாஷி, ஆட்கள் போன பிறகு, தனக்குத்தானே போட்டுப் பாடுகிறவை.

மிஸஸ் ஹயாஷி அந்த மூன்றையும் சிறிது நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “ஷி நோ ரீட்?” என்று அம்மாவிடம் கேட்டார்.

“ரீட்,” என்றார் அம்மா. “எவ்ரிதிங். டுடே ஷை.”

“ஷை,” என்று மிஸஸ் ஹயாஷி திருப்பிச் சொன்னார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து எனக்குக் காட்டினார். அன்று மிச்ச நேரம் முழுவதும் கசெட் எடுத்துக் கொடுத்தது அம்மா. நான் இருந்தேன். இடித்த சோற்றுக் கட்டி மிதந்த புத்தாண்டுச் சூப்பை மிஸஸ் ஹயாஷி ஒரு கோப்பையில் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அம்மாவுக்கு இனி வேலையில்லை என்று இப்போது சொல்வார், அடுப்படிக்குள் கூப்பிட்டுச் சொல்வார், போகும்போது வாசலில் வைத்துச் சொல்வார் என்று ஒவ்வொரு நிமிடமும் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. பஸ்ஸில் அம்மா என் கன்னத்தைத் தொட்டு, “என்ன, சனத்தைக் கண்டு பயந்திட்டியோ?” என்று கேட்டார். “ஓம்,” என்றேன். அதில் பொய்யும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை அலமாரியைப் பூட்டும் திறப்பை அம்மாவின் கையில் கொடுத்தார்கள். நான் ஆறுதலடைந்திருக்க வேண்டும். அடைந்தேன், ஆனால் அதைவிடக் கூடுதலாக எரிச்சல்தான் வந்தது. படித்தவள் மூலையில் இருந்து வீட்டுப்பாடம் செய்ய, எழுத்தே தெரியாதவர் ஒரு பார்வையில் எடுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் தாங்காமல் சொன்னேன். “அம்மா, நீங்கள் அடுக்கியிருக்கிறது பிழை. பாட்டெண்டா எழுத்து ஒழுங்கிலைதான் வைக்கவேணும்.”

“எழுத்தே வந்து பாடுது?” என்றார் அம்மா, உறையைத் துடைத்துக்கொண்டே. “ஆக்கள்தானே பாடுகினம்.”

அம்மா அங்கே இன்னும் நாலு வருடம் வேலை செய்தார். ஆட்கள் ஒவ்வொருவராகக் குறைந்துபோனார்கள். சிலரைப் பிள்ளைகள் வேறு ஊருக்குக் கூட்டிப்போனார்கள், சிலர் முதியோர் இல்லத்துக்குப் போனார்கள், சிவப்புக் கோட்டுப் பெண் ஒரு குளிர்காலத்தோடு வரவேயில்லை. வராதவர்களின் கசெட்டுகளை அம்மா கலைக்கவில்லை. வேறொருவர் அதே பாட்டைக் கேட்டால், கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் எடுப்பார், பாடி முடிந்ததும் பழைய இடத்திலேயே வைப்பார். கடைசியாகக் கடையை மூடியபோது அலமாரியும் கசெட்டுகளும் எங்கே போயின என்று எங்களுக்குத் தெரியாது. கடை இருந்த ‘பிளாஸா’வையே இடித்துவிட்டார்கள். அங்கே எழும்பப்போகும் மாடிக் குடியிருப்பின் படம்தான் இப்போது பலகையில் நிற்கிறது. மிஸஸ் ஹயாஷி இருக்கிறாரா என்பதும் தெரியாது. இருந்தால் ஒரு கேள்வி கேட்கலாம், ஆனால் அது ‘அன்று கண்டுபிடித்தீர்களா’ என்பதா, ‘ஏன் சொல்லவில்லை’ என்பதா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. இணையத்தில் ஜப்பானியப் பாட்டுகளை முதல் ஒலியின்படி அடுக்கிய பட்டியல்கள் கிடைக்கின்றன. ‘நா’வில் மட்டும் பக்கம் பக்கமாகப் போகிறது. அதில் குடைப் பெண்ணின் பாட்டு எது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

நான் பல்கலைக்கழகத்துக்குப் போனேன், பட்டம் வாங்கினேன். அம்மா கலியாண வீடுகளில் என்னை அறிமுகப்படுத்தும்போது, “பத்து வயதிலேயே ஜப்பான் பாசை வாசிச்சவள்” என்று சேர்த்துக்கொள்வார். நான் புன்னகைத்துக்கொண்டு நிற்பேன். இருபது வருடத்துக்கு நெருங்கி அப்படித்தான் நின்றேன்.

போன மாதம் அஜின்கோர்ட்டில் ஒரு சீனக் கடைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். காய்ந்த கிழங்கோ வேரோ, ஏதோ ஒன்று நிரம்பிய பொதியை அம்மா எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் அதில் இல்லை.

“உதிலை என்ன எழுதிக் கிடக்கு? வாசி பிள்ளை.”

சூப்புக்குப் போடுகிறது என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். பிறகு எப்படியோ மற்றது வந்தது. “தெரியாதம்மா. எனக்கு உந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. அந்தப் பாட்டுக் கசெட்டுகளும் எனக்கு வாசிக்கத் தெரியாது. ஒரு நாளும் தெரியாது.”

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஏமாற்றத்தைத் தேடினேன். அவர் பொதியை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தார்.

“அப்ப ஏன் அந்த ஜப்பான் மனிசியிட்டைக் கேக்கேல்லை?” என்றார்.

அம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பொதியில் எழுத்து இருந்த பக்கத்தை முன்னால் பிடித்துக்கொண்டு, காசாளர்ப் பெண்ணின் முன்னால் நின்ற வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டார்.